மலைக்காட்டின் பிரதிநிதி யார்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். பொன்னான மொழி. ஆனால் அம்மொழி பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானை ஒன்றாக இருத்தல் வேண்டும். அரிசி ஒரே அரிசியாக இருத்தல் வேண்டும். அடுப்பின் தீயும் ஒரே சீராக எரிந்திருத்தல் வேண்டும். பத்துப் பானைகளில் பத்துவகை அரிசியை ஏற்றிவிட்டு, ஒரு பானையில் எடுத்த ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, எல்லாம் வெந்துவிட்டது என்று பந்தி விரிப்பவனை எவரும் சமையற்காரன் என்று அழையார்.

கண்டி மாநகரைச் சூழ்ந்து நிற்கும் மலைக்காடுகளின் மரவளத்தை மதிப்பிடும் விடயத்தில் இந்த நிபந்தனையை மறந்துவிடும் அபாயம் நம்மை எதிர்நோக்குகிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசியல் ஏட்டில் மரத்தைப்பற்றி எழுதுவானேன் என்று கேட்கும் அன்பர்கள் இருக்கலாம். மகாவலிக்கு நீரூட்டும் மலை எது? அம்மலையில் காடு எங்கே முடிகிறது, கமக்காரனின் காணி எங்கே தொடங்குகிறது? தோட்டத் தொழிலாளப் பெண் தலையிற் சுமந்து வரும் விறகுக்கட்டு உரிமையா, குற்றமா? இக்கேள்விகளுக்கெல்லாம் விடை தருவது வரைபடத்தில் இழுக்கப்படும் ஒரு கோடு. அந்தக் கோட்டை இழுக்கும் கைக்கு வழிகாட்டுவது ஓர் அளவை. அளவை பிழைத்தால் கோடு பிழைக்கும். கோடு பிழைத்தால் காடும் அழியும், குடியும் அழியும். இதைவிட அரசியல் வேறென்ன வேண்டும்?

எண்ணுவது எளிதா?

ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள் உள்ளன என்பதை அறிய நேரான வழி ஒன்றுதான். உள்ளே சென்று மரங்களை எண்ணி, ஒவ்வொன்றும் இன்ன இனம் என்று அடையாளங் காண வேண்டும். அவ்வாறு செய்தவர்களும் நம் நாட்டில் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான சாவித்திரி குணதிலக, நிமல் குணதிலக முதலியோர் சிங்கராசக் காட்டில் 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, 1993ஆம் ஆண்டு முதல், ஒரு சென்ரிமீற்றர் பருமனுள்ள கன்றைக்கூட விடாமல் எண்ணி இலக்கமிட்டனர். இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். உலகம் போற்றும் உழைப்பு அது. ஆயினும் 25 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 62 ஏக்கர் மட்டுமே. ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தின் பரப்புக்கூட ஆகாது.

மலைக்காட்டில் இப்பணி இன்னும் கடினம். செங்குத்தான சரிவு, அட்டை, மூடுபனி, மழை. பூவும் காயும் இன்றி இலையை மட்டும் கொண்டு இனம் பிரிக்க முடியாத மரங்கள் பல. பறித்த கிளையைப் பேராதனைத் தேசிய உலர்தாவர நிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கே பேணப்படும் மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல வல்ல அறிஞரோ விரல்விட்டு எண்ணத் தக்கவர். எனவே ஆராய்ச்சியாளர் குறுக்கு வழி ஒன்றைக் கையாளுகின்றனர். எண்ண முடியாத ஒன்றுக்குப் பதிலாக, எளிதில் எண்ணக்கூடிய வேறொன்றை எண்ணி, அதிலிருந்து முன்னதை ஊகிக்கின்றனர். மலையின் உயரம், மழையின் அளவு, வானிலிருந்து தெரியும் பசுமை, பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள் என்று எத்தனையோ பொருள்கள் இவ்வாறு மரங்களின் சார்பில் பேச நிறுத்தப்படுகின்றன. இவற்றைப் பிரதிநிதி அளவைகள் என்று நாம் அழைக்கலாம்.

இக்கலைக்கு நம் நாடே ஒரு பரிசோதனைக் களமாக இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1991 முதல் 1996 வரை வனத் திணைக்களமும் உலக இயற்கைப் பேணல் ஒன்றியமும் கூடித் தேசியப் பேணல் மீளாய்வு என்னும் பெருமுயற்சியை நடத்தின. இருநூறுக்கும் மேற்பட்ட காடுகளில், தாழ்விலிருந்து உயரம் நோக்கிக் கோடு பிடித்துச் சென்று மரஞ்செடிகளையும் விலங்குகளையும் பதிவு செய்தனர். அவ்வாறு திரண்ட தரவுகளை வைத்துக்கொண்டு அன்ட்ரூ பாம்ஃபோர்ட், ஏ. எச். எம். ஜயசூரிய, மைக்கல் கிறீன் ஆகிய மூவர் 1996ஆம் ஆண்டு இலண்டன் ரோயல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒவ்வொரு மரத்தின் இனத்தையும் துருவித் துருவிக் கண்டறிவதற்குப் பதிலாக, அது எந்தப் பேரினம், எந்தக் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொண்டால் என்ன என்பதே அவர்கள் எழுப்பிய வினா. நாவல் வகையா, புன்னை வகையா, கறுவா வகையா என்று மட்டும் அறிந்தால் போதுமா? பெரும்பாலும் போதும் என்றே விடை கிடைத்தது. பேரினங்களை எண்ணித் தெரிந்தெடுத்த காடுகள், இனங்களை எண்ணித் தெரிந்தெடுத்த காடுகளுக்குப் பெரிதும் பின்தங்கிவிடவில்லை. செலவோ பாதிக்கும் மேல் மிச்சம். குடும்பத்தோடு நிறுத்தினால் மிச்சம் அதனினும் பெரிது.

ஏழை நாட்டுக்கு இது நற்செய்தி. அதை நான் மறுக்கவில்லை. எல்லா மரங்களையும் எண்ணி முடிக்கும்வரை கோடரி காத்திருக்காது. முழுக் கணக்கு வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று சொல்பவன் பலவேளைகளில் காட்டை விற்க விரும்புகிறவனாகவே இருப்பான். ஆகவே பிரதிநிதி அளவை வேண்டும். எந்த முறையில் அதை ஏற்பது என்பதே கேள்வி.

சான்றின் இலக்கணம்

சட்டம் பயின்றவர்களுக்கு இது புதிய சிக்கலன்று. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நீதிமன்றங்களை ஆளுகிறது. ஓர் உறுதியின் உள்ளடக்கத்தை நிலைநாட்ட வேண்டுமாயின் மூல உறுதியையே மன்றில் வைக்க வேண்டும். அதுவே முதன்மைச் சான்று. மூலம் தொலைந்துபோயிருந்தால், அழிந்திருந்தால், கொண்டுவர இயலாதிருந்தால் மட்டுமே நகலுக்கு இடமுண்டு. நகலைக் கொண்டுவருபவனை நோக்கி மன்று கேட்கும்: மூலம் ஏன் வரவில்லை? இந்த நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை இல்லையேல் நகல் வெறுங் காகிதம்.

பிரதிநிதி அளவையும் ஒரு நகலே. காடு என்னும் மூலத்தை மன்றுக்குக் கொண்டுவர இயலாதபடியால் நகலை ஏற்கிறோம். அதே இரு கேள்விகளைக் கேட்காமல் அதை ஏற்பது அறிவியலும் அன்று, நீதியும் அன்று. கேட்காமல் ஏற்றபோது என்ன நேர்ந்தது என்பதைக் கண்டி மலைகளே சொல்லும்.

ஐயாயிரம் அடிக் கோடு

நம் மலைநாட்டில் முதன்முதல் ஆட்சி செலுத்திய பிரதிநிதி அளவை உயரந்தான். கோப்பிப் பயிருக்காகக் காடுகள் மளமளவென்று வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில், கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த யோசப் ஹூக்கரின் ஆலோசனையின்பேரில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை இனி விற்பதில்லை என்று 1873இல் குடியேற்ற அரசு முடிவு செய்தது. நல்ல முடிவு. இன்று முகில் தவழும் உச்சிக்காடுகளில் எஞ்சியிருப்பவை பல அந்த முடிவினால் எஞ்சியவை. நக்கிள்ஸ் மலைத்தொடர், சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி ஆகிய மூன்றையும் யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக ஏற்றதற்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஆனால் கண்டியோ ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு அடி உயரத்தில் அமைந்த நகரம். அதனை அரண்போற் சூழ்ந்த ஹந்தானைக் குன்றுகளின் முடிகூட ஐயாயிரம் அடியை எட்டாது. ஆகவே கண்டியைச் சுற்றியிருந்த நடுத்தர உயரக் காடுகள் யாவும் ஒரே வீச்சில் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டன. அங்கே முதலிற் கோப்பி வந்தது. 1869இல் கோப்பியை இலைநோய் தாக்கியபின் தேயிலை வந்தது. காட்டை வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மக்கள். வெட்டச் சொன்னவர்கள் வேறு. பயன் அடைந்தவர்களும் வேறு. உச்சிக்காடும் இடைமலைக் காடும் ஒரே மரங்களைக் கொண்டவையல்ல. ஒன்றைக் காத்ததால் மற்றதைக் காத்ததாகாது. உயரம் என்னும் பிரதிநிதி மேற்காட்டுக்காக வாதாடி வென்றான்; கீழ்க்காட்டுக்காக வாய் திறக்கவில்லை.

பச்சை எல்லாம் காடாகுமா?

இன்று உயரத்தின் இடத்தைப் பிடித்திருப்பது வானிலிருந்து எடுக்கப்படும் படம். செய்மதியின் கண்ணுக்கு எங்கே பசுமை அடர்ந்து தெரிகிறதோ அங்கே காடு உண்டு, வளம் உண்டு என்று கொள்ளும் வழக்கம் பெருகிவருகிறது. இந்தப் பிரதிநிதியைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்வோம்.

தலதா மாளிகைக்குப் பின்புறம் உடவத்தைக்கலை இருக்கிறது. கண்டி மன்னர் காலத்து அரச வனம். 1938 முதல் சரணாலயம். ஏறத்தாழ நூறு ஹெக்டேயர். மேலிருந்து பார்த்தால் குறையொன்றும் தெரியாத கரும்பச்சை. உள்ளே போய்ப் பார்த்தாலோ, தென்னமெரிக்காவிலிருந்து வந்த பெரு நாட்டுப் பால்சம் மரத்தின் கன்றுகள் பல இடங்களில் பாய் விரித்தாற்போல் நிலத்தை மூடி, நாட்டு மரங்களின் கன்றுகள் தலையெடுக்க இடமின்றிச் செய்திருக்கின்றன. படத்தில் பசுமை குறையவில்லை. குறைந்தது பல்வகைமை.

ஹந்தானைச் சரிவுகளைப் பாருங்கள். 1970களின் பிற்பகுதி முதல் கரிபியன் பைன் மரங்கள் நம் மலைகளில் வரிசை வரிசையாக நடப்பட்டன. வறட்சிக் காலத்தில் தீப்பற்றும் அச்சோலைகள் தூரத்துப் பார்வைக்குக் காடாகவே தோன்றும். ஒரே மரம் ஆயிரம் முறை நிற்பதைப் பல்வகைமை என்று எந்த அகராதி சொல்லும்? பைனின் நிழலிலேயே இடைவெளி வெட்டி நாட்டு மரக் கன்றுகளை வளர்த்தெடுக்கலாம் என்பதைச் சிங்கராச எல்லையில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆனால் அதைச் செய்வதற்கு, அது காடன்று, காடாக மாற வேண்டிய தோப்பு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமல்லவா?

நக்கிள்ஸில் இன்னுமொரு பாடம். பல பத்தாண்டுகள் அங்கே பெருமரங்களின் நிழலில் ஏலம் பயிரிடப்பட்டது. ஏலத்துக்கு மேலே நிழல் வேண்டும். கீழே களை கூடாது. ஆகவே உயர்ந்த மரங்கள் பல நின்றன. அவற்றின் கன்றுகள் களையெனக் கொத்தி எறியப்பட்டன. மேலிருந்து பார்த்தவனுக்குக் காடு இருந்தது. கீழே நின்று பார்த்தவனுக்கு, மக்கட்பேறு நின்றுபோன ஊர்போல, இன்றிருக்கும் முதியவர்கள் மறைந்தால் நாளை எவரும் இல்லாத காடு தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஏலத்தை நம்பி வாழ்ந்த குடிகளின் பிழைப்பைப்பற்றியும் அத்தகைய பிரகடனங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது வேறு வழக்கு; அதையும் ஒருநாள் விரிவாகப் பேசத்தான் வேண்டும்.

மறுபுறம், கண்டிக் கமக்காரனின் வீட்டுத்தோட்டம் இருக்கிறது. பலாவும் தென்னையும் கமுகும் கராம்பும் சாதிக்காயும், அவற்றில் படர்ந்த மிளகுமாக, அதுவும் வானிலிருந்து பார்த்தால் அடர்ந்த காடே. தலைமுறை தலைமுறையாக உழைத்து உண்டாக்கிய தோட்டத்தைக் காடென்றும், அந்நியப் பைன் தோப்பைக் காடென்றும், உடவத்தைக்கலையைக் காடென்றும் ஒரே வாயால் சொல்லும் சாட்சியை எந்த நீதவான் நம்புவார்?

பேரினமும் பிழைக்கும் இடம்

அப்படியானால் 1996இன் கட்டுரை காட்டிய பேரின அளவை குற்றமற்றதா? வானத்துப் படத்தைவிட அது மிக நேர்மையான சாட்சி; ஏனெனில் அதற்கு ஒருவர் காட்டுக்குள் நடந்தே தீர வேண்டும். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. ஸ்டெமோனோபோரஸ் என்னும் பேரினம் உலகில் இலங்கையில் மட்டுமே உள்ளது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றுட் சில மிகக் குறுகிய ஓரிடத்துக்குள் ஒடுங்கி வாழ்பவை. பேரினத்தை எண்ணுபவனின் ஏட்டில் இவை அத்தனையும் ஒன்று என்றே பதியப்படும். ஒரு மலையில் ஓர் இனமும் மறு மலையில் வேறோர் இனமும் இருந்தால், இரண்டில் ஒரு மலை போனால் என்ன என்று அந்த ஏடு சொல்லிவிடும். போன இனம் மீண்டும் வராது.

இன்னொரு சம்பவம் எல்லாப் பிரதிநிதிகளுக்கும் ஓர் எச்சரிக்கை. குருடியா சைலனிக்கா என்னும் மரம் அற்றுப்போய்விட்டதென்று 2012ஆம் ஆண்டின் செம்பட்டியல் முடிவு கட்டியது. 2019இல் கம்பஹா மாவட்டத்தில், கண்டித் திசை நோக்கிச் செல்லவிருந்த மத்திய அதிவேகப் பாதையின் வழியிலேயே அது உயிரோடு நின்றது. 2021இல் அதை வெட்டுவதா காப்பதா என்று நாடே விவாதித்தது. உயரத்தையோ பசுமையையோ நம்பியிருந்தால், எவரும் அந்த வழியோரத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மக்கள்மீது விழும் கோடு

மரத்தின்மீது விழும் அநீதி மரத்தோடு நிற்பதில்லை. வன்னியில் போருக்கு அஞ்சி ஓடிய மக்கள் திரும்பி வந்தபோது, அவர்கள் விட்டுச்சென்ற வயல்களிலும் வளவுகளிலும் புதரும் மரமும் மண்டிக் கிடந்தன. அவ்வாறு மண்டியிருந்த காணிகள் பல வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்களுக்குள் அகப்பட்டன. பசுமை சாட்சி சொன்னது. உறுதிப்பத்திரமும் கிணறும் கோயிலும் சொன்ன சாட்சியைக் கேட்க நாதியில்லை.

ஏனைய அரச காடுகள் எனப்படும் நிலங்களின் கதையும் இத்தகையதே. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை அவற்றை ஒரே எழுத்தில் வனத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. கமக்காரர் பலர் இடருற்றனர். 2020 நவம்பரில் மற்றொரு சுற்றறிக்கை அவற்றை ஒரே எழுத்தில் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் மாற்றியது. காட்டை நேசிப்போர் பதறினர். இரு முறையும் துண்டு துண்டாகச் சென்று இதில் என்ன மரம் நிற்கிறது, இதில் யார் வாழ்கிறார் என்று பார்த்துத் தீர்ப்பளிக்கப்பட்டதா? எல்லா நிலத்துக்கும் ஒரே பெயர், ஒரே கட்டளை. ஒரு பருக்கையை நசுக்கிப் பத்துப் பானைக்குத் தீர்ப்புக் கூறும் வேலை இதுவே.

நாம் கேட்பவை

நம் கோரிக்கைகள் நான்கு. அவை அளவானவை, இன்றே செய்யக்கூடியவை.

முதலாவது: எந்தக் காணியையேனும் காடென்று சேர்க்கும்போதும், காடன்று என்று விலக்கும்போதும், எந்த அளவையைக்கொண்டு அம்முடிவு எடுக்கப்பட்டது என்பதை வர்த்தமானி அறிவித்தலோடு வெளியிட வேண்டும்.

இரண்டாவது: அந்த அளவை அதே மலையில், அதே உயரத்தில், சில மாதிரித் துண்டுகளிலேனும் மரங்களை நேரே எண்ணி ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். தாழ்நிலக் காட்டில் தேறிய அளவையை நக்கிள்ஸுக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது.

மூன்றாவது: எண்ணும் பணியில் மலையக இளைஞருக்கும் சுற்றுக் கிராமத்து இளைஞருக்கும் பயிற்சியும் ஊதியமும் வேண்டும். காட்டோரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மரத்தின் முகம் தெரியும்; அதன் நூற்பெயர்தான் தெரியாது. பேராதனை அதைக் கற்றுக்கொடுக்கலாம். அறிஞர் பற்றாக்குறை என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

நான்காவது: வெறும் பிரதிநிதி அளவையை மட்டும் ஆதாரமாகக்கொண்டு எந்தக் குடும்பத்தையும் நிலத்தைவிட்டு எழுப்பலாகாது, எந்தக் காட்டையும் திட்டத்துக்காகத் திறந்துவிடவும் ஆகாது. இரு தரப்புக்கும் ஒரே நீதி. முதலில் விசாரணை, பிறகு தீர்ப்பு.

இவற்றைப் பெற அரசாங்கத்தின் கருணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. உங்கள் ஊரை அடுத்த காட்டின் எல்லை எந்த அளவையால் வரையப்பட்டது, அந்த அளவையை எங்கே சோதித்தீர்கள், அங்கே எண்ணப்பட்ட மரங்களின் பட்டியல் எங்கே என்று மூன்று வரிகளில் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். படித்த அன்பர்கள் எழுதத் தெரியாத கமக்காரருக்கும் தொழிலாளருக்கும் எழுதிக் கொடுங்கள்.

தம்மைத் தேர்ந்தவர்களைச் சந்திக்காத பிரதிநிதியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப நாம் இசையமாட்டோம். தான் பேசவந்த மரங்களைச் சந்திக்காத அளவையை மட்டும் காட்டுக்குப் பிரதிநிதியாக எப்படி ஏற்பது? கேட்போம். எழுத்திற் கேட்போம். விடை வரும்வரை கேட்போம்.